பிடிப்பும் இடைவெளியும்

1962-ஆம் ஆண்டின் சீனப் போருக்குப் பின்னர், நம் ராணுவத்துக்கு 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகள் தேவைப்பட்டபோது, வங்காளத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையார், பிரிட்டிஷார் காலத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் வடிவத்தையே ஆதாரமாகக் கொண்டு, புதிய குழலுக்கு ஏற்ப அதைத் திருத்தியமைத்தார்கள். உருக்கு மாறியது, மரக்கட்டையின் அமைப்போ பெரும்பாலும் நிலைத்தது.

பழைய கட்டையில் வேறு குழலைப் பொருத்துவதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. வெடியின் உதைப்பை ஏற்கும் அடிப்பாகத்தை மரம் அசையாமல் பற்றவேண்டும். ஆனால், சுடுந்தோறும் சூடேறி அதிர்கின்ற நீண்ட குழலை, ஈரத்தில் உப்பிய மரம் ஒருபுறமாக நெருக்கிவிட்டால், எத்தனை தேர்ந்த வீரனுக்கும் குறி விலகிவிடும். ஆகவே, குழலைச் சுற்றிச் சிறு இடைவெளி இருக்குமாறு மரத்தைச் செதுக்கவேண்டும். செதுக்கிய மரம் திரும்ப ஒட்டாது ஆகையால், அனுபவமுள்ள தச்சன் சிறுகச் சிறுகவே உளியை ஓட்டுவான்.

கருமத்தம்பட்டி வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களில், தந்தையின் தொழிலை மகன் ஏற்கும் குடும்பங்களுக்கும் இந்த நியாயம் பொருந்தும். நாணயம், வாக்குத் தவறாமை ஆகிய மூலதர்மங்களில் பெரியவர்களின் பிடி இறுகியே இருக்கட்டும். புதிய யோசனைகளும் புதிய முறைகளும் நீளும் இடத்தில், அவர்கள் கை சற்றே விலகி நிற்பதுதான் விவேகம்.