தேய்ந்த கையும் திருப்பணியும்

கோயில் நந்தவனத்தில் களையெடுக்கும்போது கையுறை போடுவது பக்திக்குக் குறைவா? உழவாரப் பணி செய்யும் அடியார்களிடையே இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் உறை போடக் கூசும்போதும், மணிக்கட்டு வலியை வெளியே சொல்லாமல் விழுங்கும்போதும் மனத்துக்குள் ஒரு விடை இருக்கிறது: திருப்பணியில் வரும் வலியைத் தாங்குவது புண்ணியம், உடம்பைப் பேணுவது பற்று. இந்த விடை தவறு. சைவ மரபே அதற்குச் சான்று.

உழவாரத்துக்கே அடையாளமான திருநாவுக்கரசரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கை தேய்ந்த கதை ஒன்று உண்டு. கயிலைக்குப் போகும் வழியில் கால்கள் தேய, கைகளால் தவழ்ந்தார். கைகளும் மணிக்கட்டு வரை தேய்ந்தன. பிறகு மார்பால் நகர்ந்தார், உருண்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தேய்ந்த அந்தக் கைகளை இறைவன் காணிக்கையாக ஏற்கவில்லை. உறுப்புகள் முன்போல் நிறைய, அவரை எழச் செய்தார். குளத்தில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் காட்சி தந்தார். காட்சிக்கு முன் உடம்பு சீரானது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அதன் பின் திருப்புகலூரில் அவர் உழவாரம் பிடித்ததும் நலம்பெற்ற அந்தக் கைகளால்தான். உடம்பை இழுக்கு என்று முன்பு எண்ணியிருந்ததாகவும், உள்ளே இறைவன் இருப்பதை அறிந்தபின் அதைப் பேணுவதாகவும் திருமூலர் சொல்வதும் இதே வழிதான்.

கண்ணையே இடந்து அப்பிய கண்ணப்பர் இருக்கிறாரே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. இறைவன் கண்ணில் வழிந்த குருதியை நிறுத்தக் கண்ணப்பர் தம் கண்ணைக் கொடுத்தார். அந்த இழப்புக்கு ஒரு பயன் இருந்தது. இரண்டாவது கண்ணைத் தொடுமுன் இறைவன் கையே அவரைத் தடுத்தது. மழுங்கிய அரிவாளோடு போராடி மரத்துப்போன விரல் யாருக்கு என்ன கொடுக்கிறது? வயலில் நாளெல்லாம் களையெடுக்கும் பெண்கள் வெறுங்கையோடுதானே இருக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். அவர்கள் வலியை யாரும் விசாரிக்கவில்லை என்பதால் அவர்களுக்கு வலியில்லை என்றாகிவிடாது.

இந்த வலி எப்படி வருகிறது? மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. கையை வளைத்தபடியே அழுத்தி வேலை செய்தால் அந்த நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும். இதைத் தவிர்க்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். தண்ணீர் விட்டு மண் இளகியபின் களை எடுக்க வேண்டும். மணிக்கட்டை நேராக வைத்து, கைக்கு அடங்கும் பிடியுள்ள, தீட்டிய கருவியைப் பிடிக்க வேண்டும். வெட்டுவது, பெருக்குவது, சுமப்பது என்று வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். பிராகாரப் புல்லுக்குள் உடைந்த அகல் விளக்கும் கண்ணாடிச் சில்லும் நெருஞ்சி முள்ளும் கிடக்கும். பார்த்தீனியம் பட்டால் சிலருக்குத் தோல் வெந்ததுபோல் ஆகும். கையுறை இதற்குத்தான். மண் கலந்த சிறு குத்துக்காயம்கூட டெட்டனஸுக்கு வழி; தடுப்பூசியைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

உழவாரப் பணிக்கு ஆள் திரட்டும் அன்பர்களே, விபூதிப் பையோடு ஒரு மூட்டை கையுறையும் எடுத்துச் செல்லுங்கள். வலிக்கிறது என்று சொல்லும் அடியாரை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.