ஒன்றரை அடி நிலம்



போன மாதம் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு மரவேலி போட ஆரம்பித்தேன். கூலி கொடுக்க வசதியில்லை. கடப்பாரை இருந்தது, கையும் இருந்தது. 7 அடி சவுக்குக் கட்டைகள் வாங்கி, மண்ணுக்குள் போகிற 2 அடியை நெருப்பில் கருக்கி, பழைய இன்ஜின் ஆயில் தடவினேன். (சும்மா நட்டால் நம்ம ஊர் கரையான் இரண்டு மழைக்குள் கணக்கை முடித்துவிடும்.)

மூலையில் வேரைக் கிளறும்போது கடப்பாரை ணங்கென்று நின்றது. சர்வே கல்! அது வேலிக்கு அடியில் இல்லை, என் பக்கம் ஒன்றரை அடி உள்ளே இருந்தது. வரைபடத்தை வாங்கி அளந்து பார்த்தேன். 40 அடி நீளத்துக்கு 60 சதுர அடி, பக்கத்து வீட்டுப் பெத்தம்மாவுடைய நிலம். வேலி என் தகப்பனார் நட்டது.

ஒரு சகோதரர் சொன்னார்: “எதுக்கு பாஸ்டர் கவலை? 12 வருஷம் எப்பவோ தாண்டிடுச்சே!” முழுப் பொய் இல்லை. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டப்படி, பிறர் நிலத்தைப் பகிரங்கமாக, எதிரிடையாக 12 வருஷம் அனுபவித்தால், உடையவர் வழக்குப் போட்டு மீட்கிற உரிமை போய்விடும். தெரியாமல் தள்ளி நட்ட வேலிக்கு அது செல்லுமா என்பது வக்கீல்கள் பாடு.

என் இருதயமும் ஒரு நியாயம் கண்டுபிடித்தது. நம் பள்ளிப்பட்டே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்ததுதானே! படாஸ்கர் சொன்ன முடிவின்படி எல்லை மாறியது. மனுஷன் போட்ட கோட்டை மனுஷன் மாற்றினால் என்ன? ஆனால் அது இரு பக்கமும் பேசி, கொடுத்து வாங்கி மாற்றியது. திருத்தணி இங்கே வந்தது. பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்கள் சில அங்கே போயின. எங்கள் வேலி நகர்ந்தபோது யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆகாபாவது நாபோத்திடம் விலை பேசினான்!

பெத்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். “எத்தினி வருசமா அங்கதான இருக்குது? போவட்டும் வுடு தம்பி. உங்கப்பா நல்ல மனுசன்” என்றார்கள்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. அவர்கள் விதவை. மகன் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. குடிக்கிற தண்ணீர் என் வீட்டு மோட்டாரிலிருந்து போகிறது. இல்லை என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் ‘சரி’ என்றால் அதைத் தானம் என்று வாங்கலாமா? என்னிடத்தில் தண்ணீர் வாங்காத ஒருவராக இருந்தால் இதே வார்த்தை வந்திருக்குமா? உபாகமம் 27:17 நமக்குத் தெரியும். கேட்டு வாங்கிவிட்டோம் என்ற சாக்கில் எல்லைக்கல்லை நகர்த்துவதும் உண்டு, பிரியமானவர்களே.

கல்லின் மேல் நூல் கட்டி, அந்த நேருக்கே குழி தோண்டினேன். துவைக்கிற கல்லைப் பெயர்க்க வேண்டியதாயிற்று. “சகேயு கணக்குப்படி நாலு மடங்குன்னா ஆறடி போயிருக்கும், ஸ்தோத்திரம்!” என்றாள் என் மனைவி, பாதி சிரிப்பாகவும் பாதி கோபமாகவும். அப்பா தெரிந்து நட்டாரா, கிளுவை தானாகச் சாய்ந்து படர்ந்ததா, கேட்க அவர் இல்லை. ஜெபத்தில் அதைத்தான் அடிக்கடி வைக்கிறேன்.

கடைசிக் கட்டையை நட்டுக்கொண்டிருந்தபோது பெத்தம்மா வந்து நின்றார்கள். “எம்மேல கோவமா தம்பி?” என்று கேட்டார்கள். தண்ணீர் எப்போதும்போல வரும் என்று இரண்டு தரம் சொன்ன பிறகுதான் அந்த ஒன்றரை அடியில் கால் வைத்தார்கள்.