காது பிறக்கும் முன்

கிதார் கடைக்குள் முதன்முறை நுழைகிறவருக்கு எல்லாக் கிதாரும் நன்றாகத்தான் ஒலிக்கும். கடைக்காரர் ஒன்றை எடுத்து வாசித்துக் காட்டுவார், அழகாக இருக்கும். அடுத்ததை எடுப்பார், அதுவும் அழகாக இருக்கும். வாசிப்பவர் அவரல்லவா! வாங்க வந்தவருக்கு ஒரு கம்பியைக்கூட அழுத்திப் பிடிக்கத் தெரியாது. நல்ல ஒலி எது, சுமாரான ஒலி எது என்று பிரித்தறியும் காதும் இன்னும் வரவில்லை. அதனால் கண் முந்திக்கொள்கிறது. பளபளக்கும் கறுப்பு நிறம் பிடித்துப்போகிறது. ஒரு தோள் வளைவாக வெட்டப்பட்ட உடல் பிடித்துப்போகிறது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில், உடலை ஒட்டியிருக்கும் கடைசி சிலவற்றைக் கை எட்ட வேண்டும் என்பதற்காகப் போட்ட வெட்டு அது. முதல் ஆண்டில் விரல் அந்தப் பக்கம் போகவே போகாது.

வீணை கற்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை. ஆசிரியர் மீட்டிப் பார்த்து, இது போதும் என்று சொல்லிவிடுவார். கிதாரோ பல வீடுகளில் ஆசிரியருக்கு முன்பே வந்துவிடுகிறது, பிறந்தநாள் பரிசாக, அட்டைப்பெட்டிக்குள். அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று கேட்டால் யாருமில்லை என்பதுதான் பதில். விலையும் படமும் சேர்ந்து முடிவு செய்திருக்கும்.

இதில் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். கெடும் இடம் மிகச் சிறியது, மில்லிமீட்டர் கணக்கு. கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே உள்ள உயரத்தை வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்பார்கள். ஸ்டீல் கம்பிக் கிதாரில் 12-ஆம் ஃப்ரெட்டின் மேல் அது 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் இருந்தால் விரல் தாங்கும். 4 என்றால் வதை. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் நட் என்ற பட்டையில் பள்ளங்களைப் போதிய ஆழத்துக்கு அறுக்காமல் விட்டிருந்தால் இன்னும் மோசம். தொடக்கக்காரர் பிடிக்கும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள், எல்லாம் முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள்தான் இருக்கின்றன. அங்கேயே கம்பி எம்பி நிற்கும். அதை அழுத்திக் கீழே கொண்டுவரும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். வெறும் கம்பிகளை ட்யூனர் வைத்துத் துல்லியமாகச் சேர்த்திருந்தாலும், சி கார்டு பிடித்த உடனே ஏதோ பிசகும்.

அந்தப் பிசகைக் கேட்கிற பிள்ளை நட் சரியில்லை என்று சொல்லாது. நட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. எனக்கு வரவில்லை என்றுதான் சொல்லும். மரமும் நட்டும் செய்த குற்றத்தைத் தன் விரல்மேல் போட்டுக்கொள்ளும். கிதாரைத் தொடங்குகிறவர்களில் 90 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆண்டி மூனி சொன்னார். அவர்களில் எத்தனை பேரைத் தங்கள் சோம்பல் நிறுத்தியது, எத்தனை பேரை அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நிறுத்தியது? எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. இத்தனைக்கும் தெரிந்த ஒருவர் நட்டையும், உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் சேடிலையும் கொஞ்சம் அராவினாலே போதும்.

நைலானா, ஸ்டீலா என்பது அடுத்த கேள்வி. ஆறு ஸ்டீல் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுபட்டு நிற்கின்றன. நைலானில் அது 40 கிலோ அளவுதான். ஆகவே நுனிவிரலுக்கு நைலான் இரக்கமுள்ளது. ஆனால் நைலான் கிதாரின் கழுத்து நட்டருகே 52 மில்லிமீட்டர் அகலம், ஸ்டீல் கிதாரில் 43 அளவு. சின்னக் கைக்கு அந்த அகலமும் ஒரு பாரம். சினிமாப் பாட்டுக்குக் கார்டு அடிக்க ஏங்குகிற பையனிடம், விரல் வலிக்காது என்று நைலானைக் கொடுத்தால் அவன் கேட்க விரும்பிய ஒலியே அதில் வராது. எது நல்லது என்பதைவிட, எந்த ஒலியைக் கேட்டு இவனுக்கு இந்த ஆசை வந்தது என்று கேட்பது மேல். காது பழகவில்லை என்றாலும் ஆசை பொய் சொல்லாது.

கடையில் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப்போய், அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேட்கலாம். நிறம் அப்போது குறுக்கே வராது. ஆறு கம்பிகளையும் முதல் ஃப்ரெட்டில் நாமே அழுத்திப் பார்க்கலாம். ஒரு கம்பியை வெறுமனேயும், 12-ஆம் ஃப்ரெட்டில் அழுத்தியும் மீட்டினால் கைபேசி ட்யூனரில் ஒரே சுரம் நேராக நிற்க வேண்டும். முள் விலகி நின்றால் அந்தக் கிதார் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கருவி எதுவாக இருந்தால் என்ன, ஆர்வம் இருந்தால் போதும் என்பார்கள். 5 டாலர் கிதாரில் தொடங்கிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸைக் காட்டுவார்கள். அந்தக் கதைகளைச் சொல்பவர்கள் தப்பிப் பிழைத்தவர்கள். மோசமான கிதாரோடு போராடி ஓய்ந்தவர்களின் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆர்வத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறியாகக் கருவியை ஆக்குவது கொடுமை.

ஆனால் அந்தக் கதைகளில் ஒன்றை மட்டும் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். வட கரோலினாவில் பிறந்த எலிசபெத் காட்டன் என்ற கறுப்பினப் பெண், சிறுமியாக வீட்டுவேலை செய்து சேர்த்த பணத்தில் 3 டாலர் 75 சென்ட்டுக்கு ஒரு ஸ்டெல்லா கிதார் வாங்கினார். அவர் இடதுகைக்காரர். கிதாரோ வலதுகைக்காரருக்குக் கம்பி கட்டியது. அவர் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். பருத்த கம்பிகள் விரல்களிடமும் மெல்லிய கம்பிகள் கட்டைவிரலிடமும் போயின. மற்றவர்கள் கட்டைவிரலால் மந்தர சுரங்களை அடிப்பார்கள். இவரிடம் கட்டைவிரல் பாட்டையே பாடியது. பின்னர் பல ஆண்டுகள் கிதாரைத் தொடாமலே இருந்தார். வாஷிங்டனில் சீகர் என்ற இசைக் குடும்பத்தில் வீட்டுவேலை செய்தபோது அங்கே தொங்கிய கிதாரை எடுத்து மறுபடி வாசித்தார். 1958-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

சிறுமி எலிசபெத்துக்கும் கிதாரைத் தேர்ந்தெடுக்கும் காது இருந்திருக்க வழியில்லை. அந்தக் காதை யாரும் கடைக்குக் கொண்டுபோக முடியாது. வாங்கி வந்த கிதாரின் மேல் மாதக்கணக்கில் விரல் தேய்ந்த பிறகுதான் அது பிறக்கிறது. முதல் கிதாருக்கு உள்ள வேலை அதுதான்: தன்னை எடைபோடத் தெரிந்த ஒருவரை உருவாக்குவது. ஒருநாள் அவர் இதைவிட நல்லதைக் கேட்டுவிட்டு இதை ஓரமாக வைத்தால், இது தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். அதுவரை அவரை விரட்டாமல் இருந்தால் போதும்.

எலிசபெத்தின் கை கண்டுபிடித்த அந்த வாசிப்புக்கு இப்போது அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். வலதுகைக்காரர்கள் கிதாரை நேராகப் பிடித்துக்கொண்டு, அவர் தலைகீழாக வாசித்ததைக் கற்றுக்கொள்ளப் பாடுபடுகிறார்கள்.