தன்னோயும் பிறர்நோயும்

சைவ வித்தியாசாலைகளிலே கற்பிக்கும் அன்பர்காள்!

மனிதர் தம் உடம்பு பட்டதையே உலகுக்கெல்லாம் அளவுகோலாகக் கொள்ளும் இயல்பினர். கொரோனாப் பெருநோய்க் காலத்திலே இது தெற்றென விளங்கிற்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆந் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் இடப்பட்டது. 2021 ஆம் ஆண்டிலும் ஓகஸ்டு 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு அடைபட்டிருந்தது. அப்பொழுது ஆசிரியருள்ளும் இரு கட்சிகள் எழுந்தன. மூச்சுத்திணறி வைத்தியசாலையிற் கிடந்து மீண்டவர், "இன்னும் இறுக அடைத்தல் வேண்டும்" என்றார். இருநாட் சுரத்தோடு தப்பியவர், "இத்துணை அடைப்பு எற்றுக்கு?" என்றார். இருவரும் பொய் கூறினாரல்லர். தத்தம் உடம்பு சொன்னதையே சொன்னார்கள். ஆயினும் ஓருடம்பின் சாட்சி ஊருக்கெல்லாந் தீர்ப்பாகுமா? இந்நோய்க்கிருமி தான் புகுந்தவனிடத்துக் குறியொன்றுங் காட்டாதபோதும் அவன் மூச்சின்வழியே பிறரைப் பற்றவல்லது. ஆதலால் எளிதிற் பிழைத்தவன் தன் அனுபவங்கொண்டு முதியோர்க்கு வரும் அபாயத்தை அளத்தல் தகாது.

அடியேன் முன்னவர் கட்சியினன். 2021 ஆம் ஆண்டிலே பிராணவாயு பெற்று 9 நாட் கிடந்தேன். மீண்டபின், வீதியில் நடமாடுவோரைக் காணுந்தோறும் வெகுண்டேன். ஒருநாள் என் மாணாக்கன் ஒருவனுடைய தந்தையாகிய கூலித்தொழிலாளரை, வெளியே திரிந்தமைக்காக வேலிக்கு அப்பால் நின்று கடிந்தேன். அவர், "வாத்தியார், பள்ளிக்கூடம் பூட்டினாலும் உங்களுக்குச் சம்பளம் வரும், எனக்கு இன்றைக்கு வேலையில்லையென்றால் இன்றைக்கு உலையில்லை" என்றார். யான் விடையின்றி நாணி நின்றேன். நோய் எனக்கு அச்சத்தைக் கற்பித்திருந்தது. இரக்கத்தை யான் இன்னுங் கற்றிலேன்.

திருநாவுக்கரசு நாயனார் சரித்திரத்தைச் சிந்தியுங்கள். சமணசமயத்திலே தருமசேனராயிருந்த அவரைச் சூலைநோய் பற்றியது. திருவதிகையிலே தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருநீறு பெற்று, இறைவனைப் பாடி நோய் நீங்கினார். நீங்கியபின் தாம் பட்ட வேதனையையே பேசிக்கொண்டு வாளா இருந்தாரல்லர். உழவாரம் ஏந்தித் தொண்டு செய்தார். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்துற்றபோது, திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரோடு தாமும் இறைவனிடத்து நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதூட்டினார். தம் வயிறு சூலையால் எரிந்ததை அறிந்தவர், பிறர் வயிறு பசியால் எரிவதையும் அறிந்தார். நோயினாற் பெறும் பயன் இதுவன்றோ!

கொள்ளைநோய் கடுகிப் பரவும்போது ஊரை அடைத்தல் வேண்டியதாகலாம்; அதனை யான் மறுத்திலேன். ஆனால் "அடையுங்கள்" என்று சொல்லும் வாய்க்கு, அரிசிப்பை சுமந்துசெல்லுங் கையுந் துணையாதல் வேண்டும். "திறவுங்கள்" என்று சொல்பவரும், அடுத்த வீட்டு முதியவரைத் தம் தாய்தந்தையர்போற் காத்தல் வேண்டும்.

உலக சுகாதார தாபனம் 2023 ஆம் ஆண்டு மே மாதம் 5 ஆந் திகதி அவசரநிலை நீங்கியதென அறிவித்தது. வேறொரு நோய் வாராதென்பதற்கு உறுதியில்லை. ஆதலின் அன்பர்காள், உங்கள் வகுப்பிலே எந்தப் பிள்ளையின் வீட்டில் நாட்கூலியால் அடுப்பெரிகின்றது, எந்தப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து பாடங்கேட்கத் தொலைபேசி இல்லை என்பவற்றை இன்றே அறிந்துவைமின். அடைப்பு வரும் நாளிலே முதலில் அவ்வீட்டுப் படலையைத் தட்டுமின். அதுவே சிவதொண்டாம்.

திருச்சிற்றம்பலம்.