வருமுன் காத்தலும் சிவதருமமே

சைவப் பாடசாலைகளில் ஆசிரியப் பணி பூண்டொழுகும் அன்பர்காள்!

மார்கழித் திங்கள் நமக்குத் திருவெம்பாவைக் காலமாகும். விடியற்காலையிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, சிறுவர் நீராடித் திருநீறணிந்து ஆலயஞ் செல்லும் புண்ணிய காலம் அது. அத்திங்களே நம் வன்னி மக்களுக்கு இடர் மிகுந்த காலமாகவும் இருந்துவந்தமை சிந்திக்கற்பாலது. 1964 ஆம் ஆண்டு டிசெம்பர் 22, 23 ஆந் தேதிகளில், தனுஷ்கோடியை அழித்த பெரும் புயல் முன்னர் இலங்கையின் வடபாகத்தை ஊடறுத்துச் சென்றது. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் தேதி, பூரணை நாட்காலையிற் பொங்கிய கடல் முல்லைத்தீவுக் கரையிலே பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று. 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் 21, 22 ஆந் தேதிகளிற் பெய்த பெருமழையால் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்ந்த ஊர்கள் வெள்ளத்துள் அமிழ்ந்தன. இம்மூன்றும் மார்கழியிலேயே நேர்ந்தன. இரணைமடுவின் நீரால் வாழும் வட்டக்கச்சியில் இருந்துகொண்டு இதனை எழுதும் யாம், இவற்றை மறத்தல் எங்ஙனம்?

இவ்வாறாகவும், நம்மவரிற் சிலர், "வருவது வந்தே தீரும், எல்லாம் அவன் செயல், நாம் செய்யக்கடவது யாது?" என்று கூறிக் கைகட்டி இருக்கின்றனர். இது பக்தி போலத் தோன்றும், உண்மையிற் சோம்பலேயாம். நம் சமயம் வினையை மூவகையாக வகுத்தது. முன்னை ஈட்டிய சஞ்சிதமும், இப்பிறப்பில் நுகரும் பிராரத்தமும், இப்பொழுது ஈட்டும் ஆகாமியமும் என்பன அவை. வெள்ளம் வருதல் பிராரத்தம் எனின், அவ்வெள்ளத்தை முன்னறிந்து அயலவர் நமக்கு உரைத்தலும் பிராரத்தமாகலாமன்றோ? இதுவே நம் ஊழ் என்று முற்கூட்டித் துணிய நாம் யார்? காக்கக்கடவ பிள்ளைகளையும் முதியோரையும் காவாது விடுதலோ, இன்று நாமே ஈட்டும் ஆகாமியம் என்பதில் ஐயமில்லை.

யாம் இளமையில் மிஷன் பாடசாலை ஒன்றிற் கல்வி கற்றோம். அங்கே, இரவில் வரும் மணவாளனை எதிர்கொள்ளப் புறப்பட்டு, விளக்குக்கு எண்ணெய் கொள்ளாது போன பெண்களின் உவமையைக் குருவானவர் அடிக்கடி எடுத்துரைப்பார். "ஆயத்தமாயிருத்தலை நம் சமயம் கற்பிக்கவில்லைப் போலும்" என்று அந்நாளில் எண்ணினோம். அஃது எம் அறியாமை. ஆலயத்தில் ஆண்டுதோறும் படித்துப் பயன் சொல்லப்படும் சரிதத்திலேயே அது விளங்கிக் கிடந்தது.

வைகை பெருகி மதுரையை அழிக்க வந்தபோது பாண்டியன் செய்தது யாது? கரையை அளந்து, வீட்டுக்கு ஒரு பங்காக வகுத்தான். அடியவளாகிய வந்தி பிட்டு விற்று உயிர்வாழும் கிழவி, அடைப்பதற்கு ஆளில்லாதவள். ஆயினும் அவள் பங்கு அவள் பங்கே. அதனை அடைத்தற்குக் கூலியாளாய் எழுந்தருளியவர் சோமசுந்தரப் பெருமான். இச்சரிதத்தை நாம் அருளின் பெருமைக்கே எடுத்துக்காட்டுகின்றோம், நன்று. அதனோடு இரண்டு பாடங்களையும் பிள்ளைகளுக்கு உணர்த்தல் வேண்டும். கரையின் காவல் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது என்பது ஒன்று. ஆளற்ற முதியவளின் பங்கை மற்றொருவர் சுமத்தல் சிவன் செயல் என்பது மற்றொன்று.

திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்த காலத்தும், இறைவன் சம்பந்தருக்கும் அப்பருக்கும் சோற்றை மழையாகப் பொழிந்தாரல்லர், படிக்காசு அருளினார். கடைக்குச் சென்று பண்டம் வாங்குதலும், சமைத்தலும், அடியாருக்கு அமுதளித்தலும் அடியவர் கையில் விடப்பட்டன. கைத்தொண்டு செய்த அப்பருடைய காசு வட்டமின்றி மாறியது என்பதும் நினைக்கத்தக்கது.

இனி, எம் குற்றம் ஒன்றையும் மறையாது கூறுவோம். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது, பானை சட்டிகளையும் பாய்களையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய யாம், காணி அனுமதிப் பத்திரமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த தகரப் பெட்டியைக் கட்டிலின் கீழே விட்டுச்சென்றோம். மீண்டு வந்தபோது கட்டிலுமில்லை, கூரையுமில்லை. பிள்ளையைப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கச் செய்தற்கும், காணி எமதே என்று காட்டற்கும் பட்ட அலைச்சல் சொல்லுந்தரமன்று. அதற்குக் காரணம் போர் மாத்திரமன்று, எம் அயர்ச்சியுமாம்.

ஆதலின் ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வொரு மாணவன் வீட்டிலும் செய்யற்பாலன சிலவுள. பத்திரங்களை நீர் புகாத உறையிலிட்டு, எடுத்தோட எளிதான இடத்தில் வைத்தல் வேண்டும். பிரதிகளை வேற்றூரிலுள்ள உறவினரிடம் ஒப்புவித்தல் வேண்டும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரம் பெற்றோர், தமக்குப் பின்னுரித்தாளரை உயிரோடிருக்கும்பொழுதே பிரதேச செயலகத்தில் நியமித்தல் வேண்டும்; அது செய்யாத குடும்பங்கள் வழக்கில் உழல்வதைக் காண்கின்றோம். நோயாளர் உள்ள வீட்டார் சில நாளைக்கு வேண்டிய மருந்தையும் கிளினிக் கொப்பியையும் ஒருங்கே வைப்பாராக. அரிசி, உப்பு, தீப்பெட்டி, மூடிய கலத்திற் குடிநீர், கைவிளக்கு என்பனவும் வேண்டும். ஆடு மாடுகளின் கட்டை அவிழ்த்துவிடுவோர் யார், பாட்டியைத் தூக்குவோர் யார், எல்லோரும் கூடும் மேட்டுநிலம் எது என்பவற்றை முன்னரே பேசி வைத்தல் வேண்டும்.

வெள்ளத்தோடு பாம்பும் வீட்டினுள் வரும். தீண்டப்பட்டவரின் உறுப்பை இறுகக் கட்டுதலும், கீறி இரத்தம் வடித்தலும், பார்வை பார்ப்பிக்கக் கொண்டுபோய்க் காலம் போக்குதலும் கேடு பயக்கும். அவரை அசையாதிருத்தி, விஷமுறி மருந்துள்ள வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்லுதலே முறை. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைப்பின் அம்புலன்ஸ் இலவசமாக வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117 ஆகும். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டன்றி அந்நீரைப் பருகலாகாது; வடியாத நீரில் வெறுங்காலோடு உழக்குதல் எலிக்காய்ச்சலுக்கு வழியாம்.

ஆசிரியர்காள்! இடர் வந்த நாளில் ஊரவர் ஓடிவந்து தங்குவது நம் பாடசாலைகளிலேயாம். எனவே நம் பொறுப்பு இருமடங்கு. சமய பாடவேளை ஒன்றில் வந்தியின் சரிதத்தைச் சொல்லி, "உன் வீட்டுப் பங்கு எது? உன் அயலில் ஆளில்லாத வந்தி யார்?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் வினாவுங்கள். மறுநாள் அப்பிள்ளை அவள் பெயரோடு வரும். அப்பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, மழை இருண்டு வரும் மாலையில் அவள் வாயிலுக்கு முதலில் ஆளனுப்புங்கள்.

காத்தருள்பவர் இறைவர். மண்ணைச் சுமக்கும் கூடை நம் தலையில் இருத்தல் வேண்டும்.

சிவசிவ.