இடம் போகும், எண் போகலாமா?

டிபேஸ், ஃபாக்ஸ்புரோ என்னும் பழைய தரவுத்தள மென்பொருள்களின் காலத்தில் ஒரு ரெக்கார்டை அழிப்பது ஒரே ஒரு எழுத்து வேலை. ஒவ்வொரு ரெக்கார்டின் தலைமாட்டிலும் ஒரு பைட் வெற்றிடமாக இருக்கும். 'டெலீட்' என்றதும் அதில் ஒரு நட்சத்திரக் குறி வந்து உட்காரும். பெயர், முகவரி, பாக்கித் தொகை எல்லாம் பின்னால் அப்படியே கிடக்கும். 'ரீகால்' என்று தட்டினால் குறி போய், ஆள் திரும்பிவிடுவார். 'பேக்' கட்டளை ஓடிய பிறகுதான் பின்னால் இருந்தவர்கள் முன்னே நகர்ந்து அந்த இடத்தை நிரப்புவார்கள்.

அவர் எப்போது இல்லாமல் போனார்? நட்சத்திரம் விழுந்தபோதா, பேக் ஓடியபோதா?

கம்ப்யூட்டரைவிடப் பழைய கேள்வி இது. குடம் உடைந்தால் வரும் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது என்றார்கள் நையாயிகர்கள். சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஒப்பவில்லை. உள்ளது இல்லாததாகாது, காரணத்தில் ஒடுங்குகிறது என்பது அவர்கள் கட்சி.

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம் இன்னொரு விடை வைத்திருக்கிறது. காலை 10 மணிக்கு ஒரு நீண்ட அறிக்கை ஓடத் தொடங்குகிறது. 10:15-க்கு யாரோ ஒரு ரெக்கார்டை அழிக்கிறார். அழித்த பரிவர்த்தனையின் எண் ரெக்கார்டின் தலைப்பில் பதிவாகும், அவ்வளவுதான். அதன்பின் வருபவர்களுக்கு ரெக்கார்டு இல்லை; 10 மணி அறிக்கைக்கு இருக்கிறது. அறிக்கை பகல் 12 வரை இழுத்தாலும் அதுவரை 'வேக்யூம்' என்னும் துப்புரவு வேலை அந்த ரெக்கார்டைத் தொடாது. பார்க்கக்கூடிய கடைசி ஆளும் எழுந்து போன பிறகே இடம் காலி என்று குறித்துவைக்கும். அடுத்த ரெக்கார்டு அங்கே குடியேறலாம்.

இடத்தைக் கைமாற்றுவதில் யாருக்கும் நட்டமில்லை. எண் அப்படியல்ல.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி, புது ரெக்கார்டுக்கு அடுத்துத் தர வேண்டிய வரிசை எண்ணை நெடுங்காலம் நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. கடைசி ஆர்டரின் எண் 100 என்று கொள்வோம். அதை அழித்துவிட்டு சர்வரை நிறுத்தித் தொடங்கினால், டேபிளில் மிஞ்சிய பெரிய எண் 99 என்று பார்த்து, அடுத்து வருபவருக்கு மறுபடியும் 100-ஐக் கொடுத்துவிடும். பழைய 100-ன் பில்லும் புகாரும் வேறெங்கோ தாளில் இருக்கும். அவை புதியவர் தலையில் விழும்.

எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்று க்ஷணிகவாதம் பேசிய பௌத்தர்கள்மேல் மற்ற மதத்தார் சாட்டிய குற்றம் இதுவேதான்: செய்தவன் வினை வீணாகிறது, செய்யாதவனை வினை வந்து பற்றுகிறது. பௌத்தர் அதற்குச் சந்தானம் என்னும் தொடர்ச்சியைக் காட்டி விடை சொன்னார்கள். இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடையே அப்படி எந்தத் தொடர்ச்சியும் கிடையாது. அதனால்தான் இதை வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்க முடியவில்லை, இது அநியாயம்.

2003-ல் பிழை என்று பதிவான இது, 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. இப்போது எண் மாறும்போதெல்லாம் வட்டில் எழுதிவைக்கப்படுகிறது. சர்வரை நிறுத்தித் தொடங்கினாலும் 99-க்கு அடுத்து 101 வரும். 100 இருந்த பைட்டுகளில் அதற்குள் வேறு யாரோ குடியிருக்கலாம்; 100 என்ற எண்ணில் யாரும் இல்லை.