பூட்டிய மடலும் காத்திருக்கும் கையும்

பிறர் மடலைக் கவர்ந்து, இன்று பிரிக்க இயலாமையால் பெட்டியில் இட்டுக் காத்திருப்பவன் குற்றமற்றவனா?

இன்றைய மறைமொழிகள் பல, ஒரு பேரெண்ணைப் பகா எண்களாகப் பிரிப்பதன் அருமையையே பூட்டாகக் கொண்டவை. ஆற்றல்மிக்க குவாண்டம் கணினி உண்டாயின் அப்பூட்டு உடையும் என்று பீட்டர் ஷோர் 1994-இல் காட்டினார். ஆகவே, நாளை திறக்கும் எண்ணத்துடன் செய்திகளை இன்றே திரட்டி வைத்தல் இயலும். 2024-இல் அமெரிக்க நாட்டுத் தர நிறுவனம் மூன்று புதிய முறைகளை வெளியிட்டது. ஆயினும், முன்பே கவரப்பட்டவற்றுக்கு அவை காவலாகா.

ஆலை வாயிலிற் சோதனைக்கு அஞ்சி நூற்கண்டைத் தொடாதவனை நேர்மையாளன் என்போமா? இயலாமை வேறு, ஒழுக்கம் வேறு. குற்றம் கவரும் கணத்திலேயே பிறந்துவிடுகிறது. திறக்க வல்லவனாயிருந்தும் பிறர் மடலைத் தொடாதவனே நல்லொழுக்கமுடையான்.